கொக்கு வண்டிக்குப் போட்ட புதுக் கயிறு

ஆறாம் வகுப்பில் சேர்ந்த மூன்றே மாதத்தில் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எங்கள் ஊரே நம்பியது. நானும் நம்பினேன். இருபத்தாறு எழுத்தையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். பூனை, எலி, பாய், தொப்பி எல்லாம் எழுதுவேன். உடலுறுப்புகள் பாடம் முடிந்திருந்ததால் தலையிலிருந்து கால் வரை இங்கிலீஷிலேயே தொட்டுக் காட்டுவேன். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வேண்டிய இக்கட்டு அதுவரை வந்ததில்லை. எங்கள் ஊரில் இங்கிலீஷ் எழுத்து இருந்த சாமான்கள் ஒரு தையல் மிஷினும் இரண்டு மூன்று மருந்துப் புட்டிகளும்தான். நான் எப்படிப் படித்தாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

அந்தப் பவுசில் இருந்தபோதுதான் கொக்கு வண்டி வாங்க என்னையும் கூட்டிப் போனார்கள்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, சாணார்பட்டிப் பக்கம். அந்த வருஷம் மாசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கிணற்றுமேட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர் மம்பட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். திண்டுக்கல் டாக்டர் பத்து நாள் வைத்திருந்து அனுப்பும்போது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இவர் மம்பட்டியைத் தொடக்கூடாது, தொட்டால் அடுத்த தடவை என்னிடம் கொண்டுவர வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டார். அம்மா இதை வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள். மறுநாளே மம்பட்டி இரண்டையும் அம்மா குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அப்பாவுக்கு ஒரு ஆசை இருந்தது. மேட்டுக்காட்டைத் தென்னந்தோப்பாக்க வேண்டும் என்பது. நாற்பது தென்னங்கன்றுகளைக் கிணற்றடியில் முளைக்கப் போட்டு வளர்த்து வைத்திருந்தார். ஐப்பசி மழைக்குள் குழி எடுத்து நட்டாக வேண்டும். குழி என்றால் மூன்றடிக்கு மூன்றடி, இடுப்பளவு ஆழம். எங்கள் காட்டில் ஒரு சாண் செம்மண்ணுக்குக் கீழே எல்லாம் சரளைக்கல். ஆள் விட்டு வெட்டலாம்தான். ஆனால் அம்மா ஒப்பவில்லை. "நாலு பேரு வெட்டுறதப் பாத்துக்கிட்டு உங்க அப்பா சும்மா நிப்பாருன்னு நெனைக்கியா? அவன் சரியா வெட்டலைன்னு மம்பட்டியப் பிடுங்கிட்டு எறங்கிருவாரு. அன்னைக்கே நான் தாலியக் கழட்டி வைக்க வேண்டியதுதான்" என்பாள். அது உண்மை. அப்பா சும்மா நிற்கிற ரகமில்லை.

அப்போதுதான் மாமா அந்தச் சேதியோடு வந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். இரண்டு மைல் தள்ளி இருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் மாடு வாங்கினாலும் மாமா வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். வத்தலக்குண்டுக்கு அந்தாண்டை ஒரு அணைக்கட்டு வேலை முடிந்துவிட்டதாகவும், மண் தோண்டுகிற வண்டிகளைக் காண்ட்ராக்டர் விற்கப்போவதாகவும் அவருக்குச் சந்தையில் தகவல் கிடைத்திருந்தது. அதில் ஒன்று பழசு, சின்னது, டிராக்டரின் பின்னால் ஒரு கை வைத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே குழி தோண்டலாம் என்றார்கள்.

"உக்காந்த எடத்துலயா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அப்ப அதையே வாங்கிப்புடுங்கண்ணே" என்றாள்.

உழவுமாடு ஜோடியை மாமாதான் விற்றுக் கொடுத்தார். சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு மாட்டின் கயிறும் அவர் தோளில் கிடந்தன. மாட்டை விற்றாலும் கயிற்றை விற்க மாட்டோம் நாங்கள். விற்றவன் தன் கயிற்றைக் கழற்றிக்கொள்வான், வாங்குகிறவன் தன் கயிற்றைப் போட்டுக் கூட்டிப் போவான். கயிற்றோடு போனால் விற்றவன் தொழுவத்தின் லட்சுமியும் கூடவே போய்விடும் என்று கணக்கு. வாங்குகிறவன் கயிற்றையும் சேர்த்துக் கேட்டால் அவனைவிடக் கேவலமானவன் கிடையாது. விற்கிறவன் மரியாதைக்கு, "கயிறும் இருக்கட்டுமே" என்று இரண்டு தரம் சொல்வான். வாங்குகிறவன் இரண்டு தரமும் வேண்டாம் என்று கும்பிட வேண்டும். மாமா அந்தக் கயிறுகளைத் தொழுவத்து முளையில் மாட்டிவிட்டுச் சற்று நேரம் வெறுந்தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி பார்க்க அப்பா, மாமா, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். அங்கே இங்கிலீஷில் எதுவும் எழுதியிருந்தால் பாப்பா படித்துச் சொல்லும் என்று அப்பா சொன்னதில் நான் தரையில் நடக்கவில்லை. தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் பஸ் மாறி உட்கார்ந்தோம். மாமா ஜன்னலோரம். வெளியே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயல்களில் மேய்கிற மாடுகளுக்கெல்லாம் விலை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குப் படித்துக் காட்ட எதுவும் அகப்படாதா என்று பார்த்தேன். கம்பிக்கு மேலே தமிழில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். "கரம் சிரம் புறம் நீட்டாதீர்."

"என்ன தாயி எழுதியிருக்கு?" என்றார் மாமா.

"கையை வெளிய நீட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு மாமா."

மாமா சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே எழுத்து என்றால் அப்படியொரு பயபக்தி. வழியில் கிடக்கிற காகிதத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வத்தலக்குண்டு போய்ச் சேரும்வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, உட்கார்ந்தே வந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காராச்சேவும் காப்பியும் வாங்கித் தந்தார்கள். அங்கிருந்து ஒரு லாரியில் ஏறி அணைக்கட்டு ஷெட்டுக்குப் போனோம். பெரிய பெரிய வண்டிகளெல்லாம் விற்றுப்போய்விட்டன. கடைசியில் ஓரமாக நின்றது எங்களுடையது. மஞ்சள் சாயம் வெளுத்து, டிராக்டரின் முதுகில் நீளமாக ஒரு கை மடங்கி நிமிர்ந்து நின்றது. கையின் நுனியில் நாலு பல் வைத்த இரும்புத் தொட்டி. பார்த்ததும் எனக்குக் குளத்தில் நிற்கிற கொக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர்.

மாமா வண்டியை மாடு பார்க்கிற மாதிரியே பார்த்தார். முதலில் தள்ளி நின்று நிலையைப் பார்த்தார். பிறகு வலமாக ஒரு சுற்று வந்தார். சக்கரத்தைக் குளம்பு தட்டுவதுபோலத் தட்டினார். தொட்டியின் பல்லை விரலால் தடவி, "பல்லு தேஞ்சிருக்கு, ஆனா விழுகல" என்றார். அங்கிருந்த டிரைவர் வண்டியைக் கிளப்பி முன்னும் பின்னும் நடத்திக் காட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். நோய் இல்லை, வயசுதான் என்று அப்பாவிடம் சொன்னார். கையில் ஓடிய ரப்பர்க் குழாய்களை அவர் பார்க்கவில்லை. மாட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

காண்ட்ராக்டரின் மேனேஜர் வந்ததும் மாமா துண்டை விரித்து அவர் கைமேல் போட்டு விரலைப் பிடித்தார். அந்த மனுஷன் பதறிப்போய்க் கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாகூடச் சிரித்தார். பிறகு எல்லோரும் கேட்க வாயாலேயே விலை பேச வேண்டி வந்ததில் மாமாவுக்கு முகமே இல்லை. சந்தையில் அப்படிப் பேசுவது அநாகரிகம்.

விலை படிந்தது. கிளம்பும் முன் மாமா மறுபடியும் ஒரு சுற்று வந்தவர், கையின் அடிப்பக்கம் அறைந்திருந்த ஒரு சின்னத் தகட்டின் முன்னால் நின்றார். சிவப்பு எழுத்தில் நாலு வரி.

"தாயி, இங்க வா. என்னமோ எழுதியிருக்கான். என்னன்னு பாரு."

நான் போய்ப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் சேர்ந்து நின்றதும் ஒன்றும் பிடிபடவில்லை. நாலு வரியிலும் எனக்குத் தெரிந்த சொல் ஒன்றே ஒன்று. கை. உடலுறுப்புகள் பாடத்தில் வந்த கை. மாமா குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பார்த்தார். மேனேஜரும் டிரைவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். தீபாவளிப் பாவாடையில் நின்றுகொண்டு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

"செஞ்ச கம்பெனி பேரு மாமா" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். நாலு வரிக்கு அது காணாது என்று தோன்றியது. "இந்தக் கை ரொம்ப நாளைக்கு நல்லா உழைக்கும்னு போட்டிருக்கு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"பாத்தீகளா மாப்ள! செஞ்சவனே எழுதிக் குடுத்துட்டான்" என்று மாமா அந்தத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்போதுதான் டிரைவர் ஒரு தடித்த இரும்புக் கம்பியும் கொக்கி வைத்த சங்கிலியும் கொண்டுவந்து மாமா முன்னால் வைத்தார். "இது பூட்டுக் கம்பிங்க. கையத் தூக்கி நிறுத்தினா இதப் போட்டுக் கட்டணும்" என்றார்.

மாமா இரண்டு கையாலும் கும்பிட்டார். "அது ஒங்களுக்குரியதுங்க. எங்க கயிறு நாங்க கொண்டாந்திருக்கோம்" என்று பையிலிருந்து புதுக் கயிற்றை எடுத்துக் காட்டினார். மஞ்சள் தடவிய கத்தாழைநார்க் கயிறு. இரண்டு நாள் உட்கார்ந்து அவரே திரித்தது.

"இல்லைங்க, இது வண்டியோட சேந்தது. கொண்டு போங்க."

"மரியாதைக்குச் சொல்றீக, சந்தோசம். எங்க வழக்கத்துல அது ஆகாதுங்க."

டிரைவர் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் மாமா சொன்னதே சரி என்பதுபோலத் தலையாட்டினார். விற்கிறவன் வற்புறுத்த வற்புறுத்த வேண்டாம் என்பதுதானே முறை. மூன்றாம் தரமும் டிரைவர் வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜர், "வேணாம்னா விடப்பா, வேற வண்டிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டார். சங்கிலி ஷெட்டுக்குள் திரும்பிப் போயிற்று.

மாமா புதுக் கயிற்றைக் கொக்கின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

டிரைவர்தான் வண்டியை ஊர் வரைக்கும் ஓட்டி வந்தார். நாங்கள் மட்கார்டில் தொற்றிக்கொண்டோம். திண்டுக்கல்லுக்குள் வந்தபோது மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜனங்கள் ஓடி வந்து பார்த்தார்கள். பூட்டுக்கடைத் தெரு வாசலில் ஒரு பெரியவர் கையில் அரத்தோடு எழுந்து நின்று, "என்னப்பா இது, எங்கிட்டிருந்து கொண்டு போறீக?" என்று கேட்டார். வரிசையாகப் பூட்டுகள் தொங்கிய அந்தத் தெரு வழியே, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு, மகாராணிபோல எங்கள் கொக்கு போயிற்று. வாழ்க்கையில் அம்புட்டுப் பெருமையாக நான் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் போனதில்லை.

டிரைவர் மூன்று நாள் தங்கி அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். தொட்டியில் அடைத்த மண்ணைத் தட்ட வேண்டுமென்றால் கையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் கிட்டே போவார். போகும்போதும் அப்பாவிடம், தூக்கி நிறுத்திவிட்டு அடியில் யாரையும் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா சரி என்றார். டிரைவர் கொஞ்சம் பயந்த சுபாவம் என்று மாமா சொன்னார்.

அடுத்த பதினைந்து நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அப்பா காலையில் கஞ்சி குடித்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்வார். நாலு கம்பிகளை முன்னும் பின்னும் தள்ளுவார். கொக்கு குனிந்து மண்ணைக் கொத்தும், அள்ளும், திரும்பிக் கக்கும். நோவு வந்ததிலிருந்து தலையைக் குனிந்தே நடந்த மனுஷன் அந்த ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மம்பட்டி இரண்டையும் குதிருக்குப் பின்னாலிருந்து எடுத்துச் சுவரில் சாத்தி வைத்தாள். இனி ஒளிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. மாமா தினமும் வந்து, கயிறு பிடித்துக் குழி அளந்து கொடுப்பார். இருபத்தாறு குழி முடிந்தது.

இருபத்தேழாவது குழி ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. நான் மோர்ச்சட்டியோடு போயிருந்தேன். தொட்டியின் பல்லிடுக்கில் ஒரு சரளைக்கல் இறுகிக்கொண்டது. குழிக்குள் இறக்கினால் இன்னும் இறுகும் என்று, அப்பா கையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்தார். மாமா வழக்கம்போலக் கொக்கின் கழுத்துக் கயிற்றை இழுத்து வண்டியில் இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டினார். கட்டிவிட்டு இழுத்தும் பார்த்தார். பிறகு தன் கையைப் பல்லிடுக்கில் விட்டுக் கல்லைப் பிடித்து ஆட்டினார்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். ரப்பர்க் குழாய் வெடித்து எண்ணெய் மாமா மேலெல்லாம் அடித்தது. கொக்கின் கை விழுந்தது. கயிறு நூலைப்போலத் தெறித்தது.

நான் மோர்ச்சட்டியைப் போட்டுவிட்டேன். மாமா குழி விளிம்பில் மண்டியிட்டுக் கிடந்தார். வலது கை தொட்டிக்கடியில். அப்பா வண்டியிலிருந்து குதிக்கப் போனார். அந்த நிலையிலும் மாமா கத்தியது இதுதான்: "மாப்ள, எறங்காதீங்க! நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க! தாயி, ஓடிப் போயி ஆளுகளக் கூட்டியா!"

ஓடினேன். பக்கத்துக் காட்டிலிருந்து நாலு பேர் கடப்பாரையோடு வந்து நெம்பினார்கள். மாட்டுவண்டியில் ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து ஒரு லாரியில் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். இரண்டு விரல் போயிற்று, மூன்றாவதில் பாதி போயிற்று. பெருவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. துண்டுக்குள் விலை பேசுகிற கை அது. இடது கையை நீட்டி யாரிடமும் விலை பேச முடியாது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கொடுத்த சங்கிலியை வேண்டாம் என்று வந்த கதை எப்படியோ பரவிவிட்டது. "நாங்கெட்ட கேட்டுக்கு நல்ல வழக்கம் பாத்தேன்" என்று மாமாவே எல்லோரிடமும் சொன்னார். டிரைவர் சொன்னதைக் கேட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் போகவிட்டது நான்தானே என்று அப்பா ஒருநாள் ஆரம்பித்தார். மாமா பேசவிடவில்லை. புத்தி கெட்டது நான் ஒருத்தன் மட்டும்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

எனக்கு மட்டும் அந்தத் தகட்டை நினைத்துத் தூக்கம் வரவில்லை. நாலு வரி. அதில் ஒரு கை. யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்லேட்டில் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு போய் இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் படித்துவிட்டுத் தமிழில் சொன்னார். கையைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது, பூட்டுக் கம்பியும் சங்கிலியும் மாட்டாமல் அதன் அடியில் போகாதே.

"எங்க எழுதியிருந்துச்சு இது?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு வண்டியில டீச்சர்" என்றேன். ஸ்லேட்டைப் பாவாடையில் அழித்துவிட்டேன்.

புரட்டாசி முடிந்தது. சிறுமலைப் பக்கம் சாயங்காலமானால் மேகம் கூடி நின்றது. கொக்கு குழி விளிம்பில் தலையைக் கவிழ்த்தபடியே கிடந்தது. அப்பா அதன் பக்கமே போகவில்லை. பதினாலு கன்றுகள் குழியில்லாமல் கிணற்றடியில் நின்றன. ஒருநாள் விடிந்து பார்த்தால் அப்பாவைக் காணோம், சுவரில் சாத்தியிருந்த மம்பட்டியில் ஒன்றையும் காணோம். அம்மா தலைமுடியைக்கூட முடியாமல் காட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

அப்பா குழிக்குள் நின்றுகொண்டிருந்தார். ஒரு முழம் வெட்டியிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அம்மா மம்பட்டியைப் பிடித்து இழுத்தாள். அப்பா விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம்தான் மாமா வந்தார். கட்டுப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

"மாப்ள, குடுங்க" என்று இடது கையை நீட்டினார்.

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். பிறகு மம்பட்டியைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

மாமா தோள் துண்டை எடுத்து, மம்பட்டிப் பிடியோடு வலது கையைச் சேர்த்து வைத்துச் சுற்றினார். எத்தனையோ மாட்டுக்கு விலை பேசிய துண்டு அது. பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். பதினாலு குழியையும் அவர் ஒருத்தரே வெட்டினார். ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் அரைக்குழி. துண்டில் ரத்தம் கசிந்தால் அவிழ்த்து மறுபக்கம் திருப்பிக் கட்டுவார். அப்பா காலையில் வரப்பில் உட்கார்ந்தால் மாமா மேலே ஏறும்வரை எழுந்திருக்க மாட்டார். சோற்றுக்குக்கூட வீட்டுக்கு வர மாட்டார். விரல் போனவனைக் குழி வெட்டவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று ஊர் பேசியது. அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்பாமேல் வெறுப்பாக இருந்தது. வேண்டாம் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்? அப்படிச் சொல்லியிருந்தால் மாமா அந்தப் பழியோடு எங்கே போயிருப்பார் என்று யோசிக்கிற வயசில்லை எனக்கு.

கடைசிக் குழி வெட்டுகிற அன்று மட்டும் அப்பா கன்று எடுத்து வரக் கிணற்றடிக்குப் போயிருந்தார். மாமா குழிக்குள் இருந்தார். நான் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செத்த நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்தத் தகட்டில் இருந்தது கம்பெனி பெயர் இல்லை, எனக்கு அன்றைக்குப் படிக்கத் தெரியவில்லை, சங்கிலி மாட்டாமல் அடியில் போகாதே என்றுதான் எழுதியிருந்தது, நான் பொய் சொன்னேன் மாமா. சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது.

மாமா மம்பட்டியை நிறுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். துண்டு சுற்றிய கையால் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கிளிப்புள்ள மாதிரிப் படிச்சுச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் தாயி" என்றார். "எழுதுறவன் ஆயிரம் எழுதுவான். அத எவன் பாக்கான்? போ, போயி ஒங்க ஆத்தாக்கிட்ட மோரு வாங்கியா."

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது கோபம். அத்தனை நாள் தூங்காமல் கிடந்து, டீச்சரிடம் போய், அவ்வளவு கஷ்டப்பட்டுக் கொண்டுவந்து சொன்னதை இந்த மனுஷன் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லையே என்று. என் படிப்பு அவருக்கு அவ்வளவுதானா! மோர் வாங்கப் போனவள் திரும்பிப் போகவில்லை. வீட்டிலிருந்த என் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். மூன்று நாள் மாமாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று ராத்திரி மட்டும் நன்றாகத் தூங்கினேன். அது ஏன் என்றும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாற்பது கன்றுகளும் வேர் பிடித்தன. அப்பா அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார், மம்பட்டியைத் தொடாமலேயே. கொக்கைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மாமா சந்தைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். அவரும் போய் வெகுகாலம் ஆயிற்று.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம் கையைத் தொங்கப் போட்டிருந்தேன். நிமிர்ந்தால் கம்பிக்கு மேலே அந்த நாலு வார்த்தை. பஸ் என்றும் பாராமல் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன். பஸ்ஸில் எழுதியிருக்கிறது என்று ஒரு சின்னப்பெண் சொன்னதற்காக, வத்தலக்குண்டு வரைக்கும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்த மனுஷர் அவர். நான் படித்துச் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டாராம்.